லைக்கார்ட் மைதானத்தை விட்டு டைகர்ஸ் அணி போக வேண்டுமா?

கேள்வி: மஞ்சக்குப்பம், கடலூர்

அனைவருக்கும் வணக்கம். என் அக்காள் மகன் சிட்னியின் மேற்கே பென்டில் ஹில் பகுதியில் குடும்பத்தோடு குடியிருக்கிறான். இங்கே கபடி ஆடி வளர்ந்தவன். அங்கே போன பிறகு ரக்பி லீக் ஆட்டத்தில் ஈடுபாடு உண்டாகி, வெஸ்ட்ஸ் டைகர்ஸ் கிளப்பின் உறுப்பினராகவும் ஆகிவிட்டான். அணிக்கு 13 பேர் ஆடும் இந்த ஆட்டத்தில் பந்தோடு பாய்ந்து வருபவரைக் கட்டிப் பிடித்து வீழ்த்துவார்கள். ஆறாவது முறையும் பிடிபட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஆகவே கபடி தெரிந்த கண்ணுக்கு இதன் போக்கு விரைவில் விளங்கிவிடுகிறது. அவன் அனுப்பும் காணொளிகளைப் பார்த்து நானும் அந்த அணியின் வெற்றி தோல்விகளில் அக்கறை கொண்டவனாகிவிட்டேன்.

இந்த அணிக்கு இரண்டு பழைய தாய்வீடுகள் உண்டு. 1908-இல் சிட்னியில் ரக்பி லீக் போட்டி தொடங்கியபோதே இருந்த பால்மெயின், வெஸ்டர்ன் சபர்ப்ஸ் என்ற இரண்டு கிளப்புகள் 1999-இன் முடிவில் இணைந்து உருவானதுதான் வெஸ்ட்ஸ் டைகர்ஸ். அவற்றில் பால்மெயின் 1934 முதல் ஆடிவந்த இடம் லைக்கார்ட் ஓவல். நகர மையத்துக்கு அருகில், குடியிருப்புகளுக்கு நடுவே, ஒரு பக்கம் புல்மேடும் இன்னொரு பக்கம் பழைய மேடைகளுமாக, சுமார் 20,000 பேர் கூடக்கூடிய உள்ளாட்சி மன்றத்தின் மைதானம் அது. மேடைகள் பழுதடைந்து, 2022-இல் பள்ளி மாணவர்களின் ரக்பி ஆட்டம் ஒன்றின்போது கைப்பிடித் தடுப்பு முறிந்து மாணவர்கள் கீழே விழுந்தார்கள். சீரமைக்காவிட்டால் இங்கே இனி ஆட முடியாது என்ற பேச்சு கிளப்பின் பக்கத்திலிருந்தே எழுந்தது. பிறகு மூன்று நிலை அரசுகளும் சீரமைப்புக்குப் பணம் தர முன்வந்தன. ஆனாலும், பெரிய ஆட்டங்களையெல்லாம் பாரமட்டாவில் 2019-இல் திறந்த 30,000 இருக்கை அரங்கத்துக்கே கொண்டுபோய்விட்டால் என்ன என்ற கேள்வி ஓயவில்லை.

என் மருமகன் வீட்டிலிருந்து பாரமட்டா அரங்கம் மிகவும் பக்கம். லைக்கார்டுக்குப் போக வேண்டுமென்றால் நகரத்துக்கு ரயில் ஏறி, அங்கிருந்து இலகு ரயிலுக்கு மாறி, இறங்கிக் குழந்தைகளோடு நடக்க வேண்டும். இவ்வளவு சிரமப்பட்டும் லைக்கார்டை விடக் கூடாது என்பதே அவன் எண்ணம். அதைக் கிளப்புக்கும் உள்ளாட்சி மன்றத்துக்கும் கடிதமாக எழுதப் போவதாகவும், என் கருத்தைக் கேட்காமல் அனுப்ப மனமில்லை என்றும் சொன்னான். எனக்கோ, மாணவர்கள் விழுந்த மேடையின் மேல் பாசம் வைத்து என்ன பயன் என்று தோன்றுகிறது. அதே சமயம், ஒரு கிளப் தன் இடத்தை விட்டுக் கிளம்பினால் பிறகு என்ன ஆகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அவனுக்கு எதுவும் சொல்ல விரும்பவில்லை. விவரம் தெரிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.


மறுமொழி: திருப்பாதிரிப்புலியூர்

ஐயா, உங்கள் மருமகன் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுத வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. இந்த கிளப்பின் ஒரு பாதியான பால்மெயின் ஏற்கெனவே ஒருமுறை லைக்கார்டை விட்டு, இன்று பேசப்படுகிற அதே பாரமட்டாவுக்குப் போய்ப் பார்த்திருக்கிறது.

1995-இல் ஆஸ்திரேலிய ரக்பி லீக் இரண்டாகப் பிளந்துகொண்டிருந்தது. ஊடக நிறுவனம் ஒன்று சூப்பர் லீக் என்ற போட்டியைத் தொடங்க முனைந்தது. சிட்னியில் கிளப்புகள் அளவுக்கு மீறி இருக்கின்றன, சில ஒழிய வேண்டும் என்ற கருத்து வலுத்தது. சிறிய பேட்டையின் பெயரை வைத்துக்கொண்டு பிழைக்க முடியாது என்ற அச்சத்தில் பால்மெயின் தன் பெயரையே சிட்னி டைகர்ஸ் என்று மாற்றிக்கொண்டு, பாரமட்டாவில் அப்போதிருந்த பழைய அரங்கத்தில் தன் ஆட்டங்களை நடத்தத் தொடங்கியது. பாரமட்டாவுக்கென்று ஈல்ஸ் என்ற சொந்த அணி இருந்தது. அந்த ஊர்க்காரர்கள் அதை விட்டுவிட்டு இன்னோர் அணிக்காக ஏன் வர வேண்டும்? பால்மெயினிலிருந்து அவ்வளவு தூரம் போகப் பழைய ரசிகர்களுக்கும் மனமில்லை. 1995, 1996 ஆகிய இரண்டு பருவங்களோடு அந்த முயற்சி முடிந்தது. 1997-இல் பால்மெயின் என்ற பெயரும் லைக்கார்ட் மைதானமும் திரும்பி வந்தன. ஆனால் இழந்த வலிமை திரும்பவில்லை. 1999-இன் முடிவில் இணைப்புக்கு உடன்பட வேண்டியதாயிற்று.

இணைந்த மற்றொரு கிளப்பின் கதையும் இடம்பெயர்ந்த கதைதான். வெஸ்டர்ன் சபர்ப்ஸ் ஆஷ்ஃபீல்டில் உள்ள பிராட்டன் பார்க்கில் ஆடியது. 1967-இல் லிட்கம் ஓவலுக்கு மாறியது. 1987-இல் தென்மேற்கே, கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற அளவு தூரத்தில் உள்ள கேம்பல்டவுனுக்குப் போயிற்று. மக்கள் தொகை அந்தப் பக்கம் பெருகுகிறது, எதிர்காலம் அங்கேதான் என்பது அப்போது சொல்லப்பட்ட காரணம். காரணம் பொய்யன்று, ஆனால் புதிய குடியிருப்புகளில் ஒரு தலைமுறை வளர்ந்து அந்த அணியைத் தன்னுடையது என்று நினைக்கும் வரை தாக்குப்பிடிக்கப் பணமும் வெற்றியும் வேண்டும், அவை அந்த கிளப்பிடம் இல்லை. 1998, 1999 இரண்டு பருவங்களிலும் பட்டியலில் கடைசி இடம். ஆக, வெஸ்ட்ஸ் டைகர்ஸின் உடம்பில் இரண்டு பக்கமும் இடம்பெயர்ந்த வடு இருக்கிறது. பழைய மைதானத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே அதன் ரசிகர்கள் பதறுவதை வெறும் பழமைப் பற்று என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

வடக்கு சிட்னியின் பேர்ஸ் அணிக்கு நேர்ந்தது இதைவிடக் கொடுமை. அதுவும் 1908-இல் தொடங்கிய கிளப். நார்த் சிட்னி ஓவலை விட்டு, சிட்னிக்கு வடக்கே உள்ள காஸ்ஃபர்டில் கட்டப்பட்டுவந்த புதிய அரங்கத்துக்கு 1999-இல் குடிபோவதென்று முடிவெடுத்தது. மழையால் கட்டுமானம் தாமதமாயிற்று. பழைய இடத்தை விட்டாயிற்று, புதிய இடம் தயாராகவில்லை, கடன் ஏறியது. அந்தப் பருவத்தோடு அது தனி அணியாக முதல் நிலைப் போட்டியில் ஆடுவது நின்றது. மேன்லி கிளப்போடு சேர்ந்து நார்தர்ன் ஈகிள்ஸ் என்று ஆடிய கூட்டணியும் சில ஆண்டுகளில் கலைந்தது. இப்போது 2027-இல் பேர்ஸ் என்ற பெயர் மீண்டும் வரப்போகிறது, கண்டத்தின் மறுகோடியில் உள்ள பெர்த் நகரத்தின் அணியாக. கால் நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்த வடக்கு சிட்னிக்காரர்களுக்கு அது ஓரளவு ஆறுதல் என்று நினைக்கிறேன்.

லைக்கார்டை விடக் கூடாது என்பதே என் கருத்து.


மறுமொழி: லாஸ்பேட்டை, புதுச்சேரி

திருப்பாதிரிப்புலியூர் நண்பர் எழுதிய வரலாற்றில் எனக்கு மறுப்பில்லை. அதிலிருந்து அவர் வந்து சேர்ந்த முடிவில்தான் உடன்பாடில்லை. சில ஆண்டுகள் பணி நிமித்தமாக நான் சிட்னியில் இருந்தேன்; லைக்கார்டிலும் ஆட்டம் பார்த்திருக்கிறேன், பெரிய அரங்கங்களிலும் பார்த்திருக்கிறேன்.

முதலில், மைதானத்தைச் சுற்றி இப்போது யார் வாழ்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பால்மெயின் ஒரு காலத்தில் துறைமுகத் தொழிலாளர்களின் பேட்டை. கப்பல் பழுதுபார்க்கும் தளமும், நிலக்கரிச் சுரங்கமும், மின் நிலையமும் அங்கே இருந்தன. சனிக்கிழமை வேலை முடிந்ததும் நடந்தே மைதானத்துக்கு வந்தவர்களால்தான் அந்த அணி வளர்ந்தது. அந்தத் தொழில்கள் மூடப்பட்டன. தொழிலாளர் குடியிருந்த சிறு வீடுகளை இன்று பெருஞ்செல்வர்கள்தான் வாங்க முடியும். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மேற்கேயும் தென்மேற்கேயும் போய்விட்டார்கள். ரசிகர் இருக்கும் இடத்துக்கு ஆட்டம் போவதில் என்ன குற்றம்? உங்கள் மருமகனே பென்டில் ஹில்லில்தானே இருக்கிறார்?

இரண்டாவது, வசதி. புல்மேட்டில் அமர்ந்து பார்ப்பது இளைஞர்களுக்கு இன்பமாக இருக்கலாம். வயதான தாயையோ, சக்கர நாற்காலியில் வரும் ஒருவரையோ, பால்குடிக்கும் குழந்தையையோ அழைத்துக்கொண்டு, மழை பெய்யும் ஜூலை மாதக் குளிரில் பழைய மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள். நிழல் குறைவு, கூரை குறைவு, கழிப்பறைக்கு நீண்ட வரிசை. பாரமட்டா அரங்கத்தில் இருக்கைகள் செங்குத்தாக ஆடுகளத்தை ஒட்டியே எழுகின்றன. எந்த மூலையிலிருந்தும் ஆட்டம் தெளிவாகத் தெரியும். பெண்கள் அணிகளும் இப்போது தேசிய அளவில் ஆடுகின்றன; அவர்களுக்கு முறையான உடைமாற்றும் அறை தர முடியாத மைதானத்தை எந்த உணர்ச்சியின் பெயராலும் காப்பாற்றக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

இடம் மாறினால் அணி அழியும் என்பதும் பொதுவிதியன்று. சவுத் சிட்னி அணி 1987-க்குப் பிறகு ரெட்ஃபெர்ன் ஓவலை விட்டு வெளியேறியது. 1999-இன் முடிவில் போட்டியிலிருந்தே நீக்கப்பட்டு, பல்லாயிரம் பேர் தெருவில் இறங்கிப் போராடி, வழக்காடி 2002-இல் திரும்பி வந்தது. 2014-இல், 43 ஆண்டுகளுக்குப் பிறகு, ஹோம்புஷ் ஒலிம்பிக் அரங்கத்தைச் சொந்தக் களமாக வைத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் கோப்பையை வென்றது. கேன்டர்பரி அணி தன் பெல்மோர் மைதானத்தை விட்ட பின்பு 2004-இல் வென்றது. கிழக்கு சிட்னியின் ரூஸ்டர்ஸ் அணிக்குப் பேட்டை மைதானம் என்பதே இல்லை. நகரின் பெரிய அரங்கத்தை வைத்துக்கொண்டே பலமுறை வென்றிருக்கிறது. வெஸ்ட்ஸ் டைகர்ஸ் 2005-இல் வாங்கிய ஒரே கோப்பைக்குப் பிறகு, 2022, 2023, 2024 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் கடைசி இடத்தில் நின்றதற்கு லைக்கார்டின் புல்மேடு எந்த மருந்தும் தரவில்லை.

அரசின் வாக்குறுதியையும் அளவாகவே நம்புங்கள். 2020-இல் ஒலிம்பிக் அரங்கத்தை மாற்றிக் கட்டும் பெரும் திட்டத்தை நியூ சவுத் வேல்ஸ் அரசு கைவிட்டது. பிறகு அந்தப் பணத்தில் பேட்டை மைதானங்களைப் புதுப்பிப்போம் என்றார்கள். 2022-இல் வெள்ளச் சேதத்தைக் காரணம் காட்டி அதையும் நிறுத்தினார்கள். கோபமடைந்த லீக் நிர்வாகம் இறுதி ஆட்டத்தையே பிரிஸ்பேனுக்கு மாற்றிவிடுவோம் என்று மிரட்டும் அளவுக்கு அது போயிற்று.


மறுமொழி: குருசுக்குப்பம், புதுச்சேரி

எங்கள் குடும்பத்தில் பாதிப் பேர் பிரான்சில் இருக்கிறார்கள். தெற்கே பெர்ப்பிஞான் நகரத்தில் இருக்கும் சித்தப்பா வீட்டாரால் எனக்கு இந்த ஆட்டம் அறிமுகமாயிற்று. ஆகவே சிட்னியை விட்டுச் சற்று விலகி, இதே கேள்வியை ஐரோப்பாவில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

ரக்பி லீக் பிறந்ததே இங்கிலாந்தின் வடக்கில், 1895-இல் ஹடர்ஸ்ஃபீல்டில். வேலையை விட்டு ஆட வரும் தொழிலாளிக்கு இழந்த கூலியைத் தர வேண்டும் என்பதற்காகக் கிளப்புகள் பிரிந்து வந்தன. அந்த ஊர்களிலும் பழைய மைதானங்களை விட்டுப் பலர் வெளியேறினார்கள். விகன் கிளப் 1902 முதல் ஆடிய சென்ட்ரல் பார்க்கை 1999-இல் விட்டது; அந்த இடத்தில் இப்போது பெரிய பல்பொருள் அங்காடி நிற்கிறது. செயின்ட் ஹெலன்ஸ் 1890 முதல் ஆடிய நோஸ்லி ரோடு மைதானத்தை 2010-இல் விட்டு, ஒரு பருவம் பக்கத்து ஊரான விட்னெஸில் ஆடி, 2012-இல் புதிய அரங்கத்துக்குக் குடிபுகுந்தது. வாரிங்டன் 2003-இன் முடிவில் வில்டர்ஸ்பூல் மைதானத்தை விட்டது. மூன்றுமே இன்றும் வலுவான கிளப்புகள். செயின்ட் ஹெலன்ஸ் 2019 முதல் 2022 வரை தொடர்ந்து நான்கு முறை பட்டம் வென்றது.

எதிர்ப்பக்கத்தில் ஓல்டம் இருக்கிறது. 1997-இல் வாட்டர்ஷெடிங்ஸ் மைதானத்தை விட்ட ஆண்டிலேயே அந்த கிளப் கடனில் மூழ்கிக் கலைந்தது. மறுபடி தொடங்கியவர்கள் சொந்த ஊரில் நிலையான இடம் கிடைக்காமல் பல ஆண்டுகள் அக்கம்பக்கத்து ஊர்களில் அலைந்தார்கள். பிராட்ஃபோர்ட் கிளப் 2019-க்குப் பிறகு தன் ஆட்சல் மைதானத்தை விட்டு டியூஸ்பரி என்ற வேறோர் ஊருக்குப் போய், 2021-இல் ஆட்சலுக்கே திரும்பிவிட்டது.

இவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது, பிழைத்த மூன்றும் தங்கள் ஊரை நிரந்தரமாக விட்டுப் போகவில்லை என்பது தெரிகிறது. விகன்காரர் விகனுக்குள்ளேதான் இடம் மாறினார். நேற்று வரை நடந்து போனவர் இன்றும் அதே ஊர்க்காரர்களோடு, அதே கொடியோடு போகிறார். அலைந்தவர்களோ, அடுத்த வீடு உறுதியாகும் முன்பே பழைய வீட்டின் கதவைச் சாத்தியவர்கள். வடக்கு சிட்னி, ஓல்டம் இரண்டுக்கும் நேர்ந்தது இதுதான். லாஸ்பேட்டை நண்பர் காட்டிய ரூஸ்டர்ஸ் அணியும் தன் வட்டாரத்துக்குள்ளேயே இருக்கிறது. அந்தப் பெரிய அரங்கம் கிழக்கு சிட்னியின் வாசலில்தான் நிற்கிறது. ஆனால் லைக்கார்டிலிருந்து பாரமட்டாவுக்குப் போவது இன்னோர் அணியின் வீட்டில் வாடகைக்கு இருப்பதாகும். ஈல்ஸின் வண்ணங்கள் பூசிய சுவர்களுக்கு நடுவே டைகர்ஸ் எப்படிச் சொந்த வீட்டு உணர்வைப் பெறும்?

பிரான்சில் இந்த ஆட்டக்காரர்களுக்கு மைதானம் என்றாலே வேறொரு நினைவு உண்டு. 1941-இல், போர்க்காலத்தில் ஜெர்மனிக்கு இணங்கி ஆண்ட விஷி அரசு 13 பேர் ரக்பியைத் தடை செய்து, அதன் சங்கத்தின் சொத்துகளைப் பறித்துக்கொண்டது. போர் முடிந்து ஆட்டம் திரும்பியது. பறித்த சொத்து திரும்பவில்லை. அந்த மண்ணிலிருந்து எழுந்துதான் பெர்ப்பிஞானின் கேடலன்ஸ் டிராகன்ஸ் 2006-இல் இங்கிலாந்தின் முதல் நிலைப் போட்டியான சூப்பர் லீகில் சேர்ந்தது. 2019 மே மாதம் விகனுக்கு எதிரான ஆட்டத்தை அவர்கள் பார்சிலோனாவின் கேம்ப் நூ அரங்கத்தில் நடத்தியபோது 31,555 பேர் வந்தார்கள். சித்தப்பாவும் பேருந்து பிடித்துப் போனார். பிறகு எல்லாரும் தங்கள் ஜில்பர் புருட்டுஸ் மைதானத்துக்கே திரும்பினார்கள். பெரிய ஆட்டத்துக்குப் பெரிய அரங்கம், மற்றவற்றுக்குச் சொந்த மைதானம் என்ற ஏற்பாடு டைகர்ஸுக்கும் பொருந்தும்.


மறுமொழி: நெல்லிக்குப்பம்

நான் ரக்பி அறியேன். கபடி ஆடியவன், இப்போது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். சொந்த மைதானம் இல்லாத அணி எப்படி இருக்கும் என்பதை நாங்கள் நேரில் கண்டவர்கள் என்பதால் எழுதுகிறேன்.

தமிழ் தலைவாஸ் 2017-இல் புரோ கபடியில் சேர்ந்தபோது சென்னையில் ஆட்டம் நடந்தது. இங்கிருந்து வேன் பிடித்துப் போய்ப் பார்த்தவர்கள் உண்டு. நோய்த்தொற்றுக் காலத்தில் ஒரு முழுப் பருவமும் பெங்களூரிலேயே நடந்தது. அதைக் குறை சொல்வதற்கில்லை. 2023-இன் இறுதியில் சென்னைக்கு ஒருமுறை ஆட்டம் வந்தது. 2024-இல் ஹைதராபாத், நொய்டா, புனே என்று மூன்றே நகரங்களோடு பருவம் முடிந்தது. அணியின் பெயரில் தமிழ் இருக்கிறது, தொலைக்காட்சியில் ஆட்டம் தெரிகிறது. ஆனால் நான் பயிற்சி தரும் சிறுவர்கள் தலைவாஸ் ஆட்டக்காரர் ஒருவர் களத்தில் மூச்சு வாங்குவதைப் பத்தடி தூரத்தில் நின்று பார்த்ததில்லை. அதைப் பார்த்த பையன் மறுநாள் காலை ஆறு மணிக்கு யாரும் எழுப்பாமல் மண்ணில் இறங்குவான் என்பது எனக்குத் தெரியும்.

லைக்கார்டைச் சுற்றிப் பணக்காரர்கள் இருக்கிறார்கள் என்று லாஸ்பேட்டை ஐயா எழுதியிருக்கிறார். பணக்காரர் வீட்டுப் பிள்ளைக்கும் கண் இருக்கிறது அல்லவா.


மறுமொழி: லாஸ்பேட்டை, புதுச்சேரி

நெல்லிக்குப்பம் நண்பரின் வார்த்தையை மதிக்கிறேன். ஆனால் அதே நியாயம், டைகர்ஸின் மற்றொரு களமான கேம்பல்டவுனின் பிள்ளைகளுக்கும் உண்டு. அந்தப் பகுதியில் ரக்பி லீக் ஆடும் சிறுவர்கள் ஏராளம். லைக்கார்டுக்காகச் செலவிடும் ஒவ்வொரு ஆட்டமும் அவர்களிடமிருந்து எடுக்கப்படுகிறது என்பதையும் கடிதத்தில் நினைவு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். குருசுக்குப்பம் நண்பர் சொன்ன வரிசைமுறையை, அதாவது அடுத்த இடம் உறுதியாகும் வரை பழையதை விடக் கூடாது என்பதை, நான் முழுமையாக ஏற்கிறேன். பென்ரித் கிளப் 2025-இல் அப்படித்தான் செய்தது. தன் பழைய அரங்கத்தை மாற்றிக் கட்டக் கொடுத்துவிட்டு, அதுவரை பாரமட்டாவில் தற்காலிகமாக ஆடப் போயிற்று. திரும்பி வரப்போகும் இடம் எது என்பது முதல் நாளே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.


மறுமொழி: மஞ்சக்குப்பம், கடலூர்

அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு மருமகனோடு நெடுநேரம் பேசினேன். 1995-இல் பாரமட்டாவுக்குப் போன கதை அவனுக்கே தெரிந்திருக்கவில்லை. அவன் அங்கே குடியேறியதற்கு மிகவும் முந்தைய காலம் அது.

கடிதத்தை இப்படி அமைப்பதென்று பேசி முடித்தோம். உள்ளாட்சி மன்றத்துக்கு எழுதுவதில் புல்மேட்டைப் பற்றிய பாராட்டைக் குறைத்துவிட்டு, மேடைகளின் உறுதி, பெண்கள் அணியின் உடைமாற்றும் அறை, சக்கர நாற்காலிக்கான பாதை, கழிப்பறைகள் ஆகியவை சீரமைப்பின் முதல் கட்டத்திலேயே முடிய வேண்டும் என்று கேட்கிறான். கிளப்புக்கு எழுதுவதில், பணி நடக்கும் காலத்தில் எங்கே ஆடினாலும் லைக்கார்டுக்கும் கேம்பல்டவுனுக்கும் ஆண்டுக்கு எத்தனை ஆட்டங்கள் திரும்பி வரும் என்பதை இப்போதே எழுத்தில் தர வேண்டும் என்கிறான். அந்த எண்ணிக்கையை மட்டும் அவன் இன்னும் முடிவு செய்யவில்லை. கேம்பல்டவுனுக்கு லைக்கார்டைவிடக் கூடுதலாகக் கேட்க வேண்டும் என்று நான் சொன்னேன். சரிபாதி போதும் என்கிறான் அவன். ஞாயிற்றுக்கிழமை மறுபடி பேசுவோம்.